ஒரு பேப்பர் பாக்கி

என் மகன் பி.ஏ. பாஸ் பண்ணவில்லை. ஒரு பேப்பர் நின்றுவிட்டது. இங்கிலீஷ். வீட்டில் எனக்கு மட்டும்தான் அது தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரியாது. அவன் உயிரோடு இருந்தபோதும் தெரியாது, செத்த பிறகும் தெரியாது. அவன் படித்த காலேஜில் அவன் பேருக்குக் கல்வெட்டு வைக்கிறோம் என்று வந்தபோதுதான் அது எனக்குப் பாரமாயிற்று.

நான் தனியார் பஸ் டிரைவர். கடலூர் சிதம்பரம் ரூட். ஒரு நாளைக்கு எட்டு சிங்கிள், போக நாலு, வர நாலு. எட்டாவது வரை படித்தேன். லைசென்ஸ் எடுக்க அது போதுமாக இருந்தது. வண்டியில் எனக்குப் பேச்சு கிடையாது. வீட்டிலும் அப்படியே இருந்து பழகிவிட்டது.

வீடு முதுநகரில், ரயில் ஜங்ஷனுக்குப் பின்னால். என் வீட்டுக்காரிக்கு ஊர் அண்ணாகிராமத்துப் பக்கம். மாமன் மகள்தான். அவள் அண்ணனுக்கு முந்திரிக்கொல்லை உண்டு. வறுத்த கொட்டையை மூட்டை மூட்டையாக அனுப்புவார். இவள் வீட்டில் உட்கார்ந்து உடைத்துப் பருப்பு எடுத்துக் கொடுப்பாள். அந்த ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. விரலைக் கருக்கிவிடும். கல்யாண வீட்டுக்குப் போனால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

2004இல் அவனைச் சிதம்பரத்தில் காலேஜில் சேர்த்தோம். வரலாறு. எங்கள் இரண்டு பக்கத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன். காலையில் கவர்மெண்ட் பஸ்ஸில் பாஸ் காட்டிப் போவான். சாயங்காலம் நேரம் ஒத்து வந்தால் என் வண்டியில் திரும்புவான். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பான். நான் ரோட்டைப் பார்ப்பேன், அவன் வெளியே பார்ப்பான். சிப்காட் கெமிக்கல் கம்பெனிகள் வந்தால் எல்லோரையும் போல மூக்கைப் பொத்துவான்.

டிரைவர் வீட்டு ஆட்களுக்கு எந்தக் கண்டக்டரும் டிக்கெட் கிழிக்க மாட்டார். இவன் கையை நீட்டி வாங்குவான்.

"டிரைவர் மொவன் டிக்கெட் எடுக்குற வண்டி இந்த ரூட்லயே இது ஒண்ணுதான்டா. ஓனருக்குத் தெரிஞ்சா உனக்கு மால போட்டுருவாரு" என்பார் கண்டக்டர்.

"எடுக்கலன்னா செக்கர் வந்து உன்னத்தான் மாமா புடிப்பாரு."

"எந்த செக்கர்? இந்த வண்டிக்கு செக்கரே நாந்தான்."

முன்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவன் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அவன் அப்படித்தான். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கிருந்து அவனுக்கு வந்தது என்றும் தெரியாது.

2007இல் கடைசி வருஷ ரிசல்ட் வந்த அன்றைக்கு நான் ட்ரிப்பில் இருந்தேன். அவன் பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். எதிர் வீட்டுப் பெண் "இன்னாடா, ரிசல்ட் வந்துடுச்சாமே" என்று கேட்டிருக்கிறாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா கடைக்குப் போய்விட்டாள். ஆரஞ்சு மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கி, தெருவில் எல்லோர் கையிலும் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள். பாஸ் என்று அவன் சொல்லவில்லை. பாஸா என்று அவளும் கேட்கவில்லை. பிள்ளை மூன்று வருஷம் போனான், வருஷம் முடிந்தது, அப்படியானால் பாஸ்தான். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் மத்தியானம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். அடுத்த சிங்கிளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அப்பா, ஒண்ணு நிக்குது."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"இங்கிலீஷு. மத்தது எல்லாம் ஆயிடுச்சு."

"சரி."

"அம்மா மிட்டாய் குடுத்துடுச்சு."

"தெரியும். எனக்கும் ஒண்ணு வெச்சிருந்துச்சு."

"சொல்லாதப்பா. அடுத்த தடவ எழுதி எடுத்துர்றேன். எடுத்ததும் நானே சொல்லிக்கிறேன்."

"சரி."

டைம் கீப்பர் விசில் கொடுத்தார். நான் வண்டி ஏறிவிட்டேன்.

சர்டிபிகேட் எங்கே என்று அவள் கேட்டால், பட்டமளிப்பு விழா வைத்துத்தான் கொடுப்பார்கள் என்று நான் சொல்லிவைத்தேன். அவள் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் என்ன போட்டிருக்கிறது என்றுதான் விரலை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் இல்லாமல் மொட்டையாக இருந்தால் "பாவம், படிக்க வெக்கல" என்பாள்.

"நம்ம புள்ளைக்கு பி.ஏ. போடணும் மாமா. பேரு எந்த சைஸோ அதே சைஸ்ல போடணும். பொடி எழுத்துல போட்டா நான் திருப்பி அனுப்பிருவேன்."

"பொண்ணே பாக்கல. அதுக்குள்ள பத்திரிகையா?"

"பொண்ணு கெடைக்கும். பி.ஏ. கெடைக்குமா?"

அந்த வருஷமே கடலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஓட்டத்துக்கு அவன் கழற்றிப் போட்ட செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். தேறினான். விண்ணப்பப் பாரம் எழுதும்போது கூட வந்த பையன் சொன்னது என் காதில் விழுந்தது.

"டிகிரின்னு போடுறா. மூணு வருஷம் படிச்சல்ல? நல்ல வேலையாப் போடுவாங்க."

"கையில இல்லாதத எப்புடிடா எழுதுறது? எடுத்துக் காட்டுன்னா எதக் காட்டுவேன்?"

பன்னிரண்டாம் வகுப்பு என்றுதான் எழுதினான்.

போவதற்கு முன்னால் அந்தப் பேப்பரை ஒரு தடவை எழுதினான். வரவில்லை. பிறகு லீவில் வந்தபோது ஒரு தடவை. சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என் வண்டியில்தான் பரீட்சைக்கு வந்தான். மூன்று மார்க்கில் போனது. 2010இல் மூன்றாம் தடவைக்குக் கட்டினான். ஹால் டிக்கெட் வீட்டுக்கு வந்தது. பட்டாளத்துக் காகிதம் என்று அவள் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். லீவு வரவில்லை.

"இங்க எல்லையில சூடா இருக்குதுப்பா. யாரையும் லீவுல வுட மாட்டேங்குறாங்க" என்று போனில் சொன்னான். "புஸ்தகம் கையில இருக்குது. ஏப்ரல்ல பாத்துக்கலாம்."

அந்த ஐப்பசியில் செத்தான். எல்லையில் துப்பாக்கிச் சண்டை. இரண்டு நாள் நடந்தது என்றார்கள்.

பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று கூட வந்த அதிகாரி என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். எங்களில் முகம் பார்த்து வாய்க்கரிசி போட்டுத்தான் எடுப்பார்கள். அவள் பெட்டியின் மேல் அரிசியைப் போட்டாள். அது மரத்தில் பட்டுக் கீழே கொட்டியது. குனிந்து பொறுக்கி மறுபடியும் போட்டாள். யாரோ கையைப் பிடித்து நகர்த்தினார்கள்.

முதுநகர் முழுக்க பேனர் வைத்தார்கள். போர்க்களத்தில் வீரமரணம் என்று போட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "எந்தப் போரு? பேப்பர்ல போருன்னு ஒண்ணும் வரலியே" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்கு என்னைத் தெரியாது.

"அந்தப் பக்கத்துலேருந்து சுட்டு இந்தப் பக்கத்துல செத்தா அது போருதான் பெருசு. கம்முனு பஸ்ல ஏறு" என்றார் எங்கள் கண்டக்டர்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க மச்சானும் நானும் அச்சகத்துக்குப் போனோம். மச்சான் என்றால் அவள் அண்ணன், முந்திரிக்கொல்லைக்காரர். பேர், ஊர், பட்டாளம் எல்லாம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, பேருக்குப் பின்னால பி.ஏ. போடணுமாம். தங்கச்சி நாலு தடவ சொல்லி அனுப்பிச்சு."

அச்சகக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மாதிரிப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து எழுதிக்கொண்டார்.

பேர் எந்த சைஸோ அதே சைஸில் அடித்துக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையில் பார்க்க வேண்டியதை அவள் காரியப் பத்திரிகையில் பார்த்தாள். விரலை வைத்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வார்த்தை. சொல்லவில்லை.

ஒரு வருஷம் போனது. 2011 கார்த்திகையில் காலேஜின் பழைய மாணவர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். சிதம்பரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். வரலாற்றுத் துறை வாசலில் கல்வெட்டு வைக்கப் போவதாகச் சொன்னார். விவரம் கேட்டார். அவள் உள்ளே போய்க் காரியப் பத்திரிகையை எடுத்து வந்து நீட்டினாள்.

"பி.ஏ. வருமுல்ல?" என்று கேட்டாள்.

"காலேஜ் வெக்கிற கல்லும்மா. அது வராம வேற எது வரப்போவுது?" என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு வண்டி ஓட்டுவதே கஷ்டமாகிவிட்டது. பத்திரிகை காகிதம். பத்து நாளில் குப்பைக்குப் போய்விடும். கல் போகாது. பையன்கள் தினமும் பார்த்துக்கொண்டு போவார்கள். பட்டாளத்துப் பாரத்தில் அவன் எழுத மாட்டேன் என்று சொன்னதை அவன் பேருக்குப் பக்கத்தில் நான் எழுத விடுகிறேன். அவன் கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைப்பேன். பி.முட்லூரில் ஒரு தடவை ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிறுத்தினேன். இருபது வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

ஒரு மத்தியானம் இரண்டு ட்ரிப்புக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு சங்கச் செயலாளரின் இரும்புக்கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். உடனே காலேஜ் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவர்கள் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள். போனை வைத்துவிட்டுத் தராசில் இருந்த ஆணியைக் கீழே கொட்டினார்.

"யாருங்க வந்து மார்க் ஷீட்டு கேக்கப்போறாங்க? நாட்டுக்கு உசுரயே குடுத்திருக்கான். ஒரு பேப்பர நாங்க குடுக்கக் கூடாதா?"

"குடுத்தா அவன் வாங்க மாட்டான்."

"அவன்தான் இல்லியே ஐயா."

"அதனாலதான் நான் வந்தேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிருங்க. அவுங்க அன்னிக்கு கேட்ட கேள்விதான் எனக்கு மனசுல நிக்குது. நாங்க போடல. ஆனா நீங்க சொல்லிருங்க."

சரி என்றேன்.

மார்கழிப் பாதியில் புயல் வந்தது. மச்சானின் கொல்லையில் முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தது. காலேஜிலும் மரங்கள் விழுந்து கிடந்தன. விழாவைத் தள்ளிவைத்தார்கள். அவளுக்குச் சொல்ல எனக்கு மூன்று மாசம் கூடக் கிடைத்தது. காலையில் சொல்லலாம் என்று நினைப்பேன், அவள் அவன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பாள். சாப்பிடும்போது நினைப்பேன், சோறு போட்டுக்கொண்டிருப்பாள். அப்படியே பங்குனி வந்துவிட்டது.

விழாவுக்கு மயில் கலரில் ஒரு புடவை கட்டிக்கொண்டாள். அவன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. விரலில் எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கருப்பு போகவில்லை.

துறை வாசலில் கல்லின் மேல் துணி போட்டிருந்தார்கள். என்.சி.சி. பையன்கள் வரிசையாக நின்றார்கள். வெயில். ரிட்டயரான சுபேதார் ஒருவர் வந்து துணியை விலக்கி சல்யூட் அடித்தார். கறுப்புக் கல். வெள்ளை எழுத்து. அவன் பேர். அடியில் பட்டாளத்தின் பேர். அதற்கும் அடியில், வரலாற்றுத் துறை மாணவர், 2004–2007.

அவள் கிட்டப் போனாள். பேரின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். பேர் முடிந்தது. விரல் அதற்கு அப்புறம் வெறும் கல்லில் கொஞ்ச தூரம் போனது. நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பி.ஏ. எங்க மாமா?"

"அப்புறம் சொல்றேன்."

மேடையில் எங்களுக்குப் பொன்னாடை போட்டார்கள். பிரின்ஸ்பால் பேசினார். சுபேதார் பேசினார். அம்மா இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மைக்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் அம்மாக்கள் அழுவார்கள், அதோடு மைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவள் அழவில்லை.

"எனக்குப் பேசத் தெரியாது. இம்மாம் பேரு வந்ததுக்கு சந்தோசம். ஒரே ஒரு கொற. எம் புள்ள பி.ஏ. அதக் கல்லுல வுட்டுட்டாங்க. வேல ஜாஸ்தி, மறந்திருப்பாங்க. அத மட்டும் போட்டுக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் இருந்த வாத்தியாரம்மா ஒருத்தர் கண்ணைத் துடைத்தார். பிரின்ஸ்பால் எழுந்து, "கண்டிப்பாப் போட்டுடலாம்மா, உடனே போட்டுடலாம்" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். இரும்புக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பொன்னாடையின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் இருந்தது.

திரும்பும்போது எங்கள் கம்பெனி வண்டியிலேயே ஏறினோம். வேறு டிரைவர். முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கேட்டு வாங்கிவிட்ட சந்தோஷம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"பாஸ் ஆவல. ஒரு பேப்பர் நின்னுடுச்சு. கல்லுல போட வேணாம்னு நாந்தான் சொன்னேன்."

புதுச்சத்திரம் வந்தபோது கேட்டாள்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ரிசல்ட் வந்த மறுநாள்லேருந்து."

"நான் மிட்டாய் குடுத்தனே."

"ம்."

"அவன் சொல்ல வந்தானா?"

"வந்தானாம். நீ கடைக்குப் போயிட்ட."

பொன்னாடையை மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"அவன் டிரங்குப் பொட்டியில ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் வந்துச்சே. பென்சில்ல கோடு போட்டு."

"அந்தப் பரீட்சைக்குத்தான்."

"ஆபீசர் ஆவுறதுக்குப் படிச்சான்னு தெரு பூராச் சொல்லி வெச்சிருக்கேன்."

சிப்காட் நாற்றம் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அவள் பொத்தவில்லை.

வீட்டில் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், போய்க் கொட்டை உடைப்பாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அவன் சொல்லாதன்னான், நீ சொல்லல. சரி. அவன் போன பொறவு யாருக்காகச் சொல்லாம இருந்த?"

ஒரு கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்தாள்.

"அம்மாம் பேரு முன்னாடி என்னக் கேக்க வுட்டியே மாமா. கேட்டு வாங்கிட்டேன்னு எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

"தப்புதான்."

"தப்புன்னு இப்ப சொல்ற. வாயி வாடகைக்கா வாங்கிட்டு வந்த, பேசுனா தேஞ்சு பூடும்னு?"

நாலாம் நாள் காலையில் நான் கிளம்பும்போது அவளும் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. என் முதல் சிங்கிளில் சிதம்பரம் வந்தாள். கண்டக்டரிடம் அடுத்த சிங்கிளுக்கு வேறு டிரைவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

பிரின்ஸ்பால் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். மறுநாளே ஆளைக் கூட்டி வந்திருக்கிறார். பேருக்குப் பக்கத்தில் பி.ஏ. வெட்டியிருந்தது. பேர் எந்த சைஸோ அதே சைஸ். புதுப் பெயிண்ட், மற்ற எழுத்தைவிட வெள்ளையாக இருந்தது. அடியில் கல் தூள் கொஞ்சம் கிடந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பையன்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். விரலை எடுத்து அந்த இரண்டு எழுத்தின் மேலும் வைத்தாள். புள்ளியில்கூட வைத்தாள். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. இருக்கட்டும் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொன்னால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்கு மேல் என்னிடம் தெம்பு இல்லை.

"பிரின்ஸ்பால் ரூமு எங்க இருக்குது?" என்றாள்.

கூட்டிப் போனேன். அவர் எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"ஐயா, அத எடுத்துருங்க."

"எதம்மா?"

"பி.ஏ.வ. நான் தெரியாம கேட்டுட்டேன். ஒரு பேப்பர் பாக்கியாம். எழுதி முடிக்கல."

அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"இருந்துட்டுப் போவட்டும்மா. யாருக்கும் அதனால ஒண்ணும் கொறஞ்சுடாது. எங்க எல்லாருக்கும் சந்தோஷம்தான்."

"அவனுக்குப் புடிக்காதுங்க. டிக்கெட் எடுக்காம அப்பன் வண்டியிலயே ஏற மாட்டான்."

"கல்லுல வெட்டுனத அழிக்க முடியாதும்மா. பூசி அடைக்கத்தான் முடியும். கலர் ஒட்டாது. பாக்குறவங்க ஏதோ தப்பா வெட்டிட்டாங்கன்னு நெனப்பாங்க."

"நெனச்சுக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"நான் கண்ணால பாத்துட்டேங்க. எனக்கு அது போதும்" என்றாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அந்தக் கல் இருக்கும் பக்கம் போகாமல் வேறு வழியாக வாசல் கேட்டுக்கு நடந்தாள்.

அந்த வாரமே அடைத்துவிட்டார்கள். சிமெண்டில் கறுப்புச் சாயம் கலந்து பூசினார்களாம். அது காய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது. பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்து அகலத்துக்கு ஒரு திட்டு. அவர் சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

பிரின்ஸ்பாலைப் பார்த்த அன்றைக்குத் திரும்பும் ட்ரிப்பை நான் ஓட்டினேன். அவள் எனக்குப் பக்கவாட்டில் எஞ்சின் பெட்டியை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தாள். பாலம் தாண்டினோம். முன்னால் கரும்பு லாரி ஒன்று வழி விடாமல் போய்க்கொண்டிருந்தது.

"மறுக்கா எழுதியிருந்தா பாஸ் ஆயிருப்பானா மாமா?"

"ஆயிருப்பான்."

"நெசமாத் தெரியுமா?"

லாரி ஒதுங்கியது. நான் தாண்டிப் போனேன்.

"தெரியாது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஆலப்பாக்கத்தில் நாலு பேர் ஏறினார்கள். கைப்பிள்ளையோடு ஒரு பெண் நின்றாள். என் வீட்டுக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.